தீர்ப்பாயத்தில் ஆஜராகிறவருக்கு இலவச வக்கீல் கிடையாதா? (மும்பை, ரயில்வே கிளெய்ம்ஸ்)

தொண்ணூறடி ரோடு, தாராவி

எங்கள் சாலில் (வரிசை வீடு) மூன்றாவது கோலியில் (அறை) இருக்கிற அக்காவுக்காக இதை எழுதுகிறேன். ஊர் தென்காசிப் பக்கம். வீட்டுக்காரர் முலுண்டில் ஒரு பட்டறையில் ராத்திரி ஷிப்ட். நாலு மாதத்துக்கு முன்னால், வேலை முடிந்து காலை எட்டரை மணி ஸ்லோ லோக்கலில் சயானுக்கு வந்துகொண்டிருந்தார். அந்த நேரத்து வண்டியைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. வித்யாவிஹாருக்கும் குர்லாவுக்கும் நடுவில் வாசலில் இருந்து விழுந்துவிட்டார். மறுநாள் ஆஸ்பத்திரியில் உயிர் போய்விட்டது. ஒரு பையன் ஏழாவது, ஒரு பெண் நாலாவது.

பாடி வாங்க நின்ற இடத்திலேயே ஒருவர் வந்து கார்டு கொடுத்தார். "எட்டு லட்சம் வாங்கித் தருகிறேன், முப்பது பர்சென்ட் எனக்கு" என்றார். அக்கா அன்றைக்கு இருந்த நிலையில் இரண்டு தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டது. என்ன தாள் என்று அதற்கே தெரியாது.

அப்புறம் நான் விசாரித்து, இலவச சட்ட உதவி தருகிற ஒரு அலுவலகத்துக்கு அக்காவைக் கூட்டிப்போனேன். மேஜையில் இருந்தவர் முதலில் தாசில்தார் தரும் வருமானச் சான்று கேட்டார். அப்புறம், ரயில் விபத்துக்கு இழப்பீடு கேட்கிற ரயில்வே கிளெய்ம்ஸ் என்றதும், "இது ட்ரிப்யூனல். கோர்ட் கேஸுக்குத்தான் நாங்கள் வக்கீல் கொடுப்போம்" என்று தாளைத் திருப்பித் தந்துவிட்டார்.

இது உண்மையா? கோர்ட்டில் நிற்கிற ஏழைக்கு வக்கீல் உண்டு, தீர்ப்பாயத்தில் நிற்கிற ஏழைக்குக் கிடையாது என்றால் அந்தச் சட்டத்தை மாற்ற வேண்டாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பழைய குமாஸ்தா, சயான்

தம்பி, அந்த மேஜைக்காரர் சொன்ன இரண்டுமே தப்பு. ஃபோர்ட்டில் ஒரு வக்கீலிடம் முப்பத்தொரு வருடம் குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன்.

சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டம் 1987. அதில் இரண்டாம் பிரிவிலேயே "கோர்ட்" என்றால் என்ன என்று எழுதியிருக்கிறது. சிவில், கிரிமினல், ரெவின்யூ கோர்ட்டுகள், அவற்றோடு எந்தச் சட்டத்தின் கீழ் ஏற்பட்ட தீர்ப்பாயமும், நீதிமன்றம் போல விசாரித்து முடிவு சொல்கிற எந்த அதிகாரியும் அதில் அடக்கம். 1994 திருத்தத்தில் இதைச் சேர்த்தார்கள். "சட்டப் பணி" என்பதற்கான விளக்கத்திலும் தீர்ப்பாயம் என்ற சொல் தனியாக நிற்கிறது. ஆக, நீட்டிக்க வேண்டியது சட்டத்தை இல்லை. அந்த மேஜை வரைக்கும் சட்டம் வந்து சேரவில்லை.

அடுத்தது வருமானச் சான்று. பன்னிரண்டாம் பிரிவைப் பாருங்கள். பெண், குழந்தை, எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி, தொழிற்சாலைத் தொழிலாளி, காவலில் இருப்பவர் இவர்களுக்கெல்லாம் வருமானம் கணக்கே இல்லை. அக்கா பெண், அது போதும். வருமான வரம்பு மற்றவர்களுக்குத்தான். மகாராஷ்டிரத்தில் ஆண்டுக்கு மூன்று லட்சம். அதற்கும் பதின்மூன்றாம் பிரிவின்படி அவரே ஒரு அஃபிடவிட் (பிரமாணப் பத்திரம்) கொடுத்தால் போதும், அதை நம்பாமல் இருக்கக் காரணம் இருந்தாலொழிய.

திரும்பப் போங்கள். வாயால் கேட்காமல் எழுதிக் கொடுங்கள். கொடுத்ததற்கு இன்னொரு பிரதியில் சீல் வாங்குங்கள். மறுத்தால் எழுத்தில் மறுக்கச் சொல்லுங்கள். எழுதச் சொன்னால் பாதிப் பேர் மறுக்க மாட்டார்கள்.

கிங்ஸ் சர்க்கிள்

அக்காவின் குடும்பத்துக்கு என் அனுதாபங்கள். ஆனாலும் எனக்கு வேறு கருத்து இருக்கிறது, சொல்லிவிடுகிறேன்.

தீர்ப்பாயம் என்று ஒன்றைத் தனியாக வைத்ததே எதற்கு? கோர்ட்டின் இழுபறி இல்லாமல், வக்கீல் செலவு இல்லாமல், சாதாரண ஆள் நேராகப் போய்ப் பேசட்டும் என்றுதான். ஒவ்வொருவருக்கும் ஒரு வக்கீல் கொடுத்தால் அதுவும் இன்னொரு கோர்ட் ஆகிவிடும். வாய்தா மேல் வாய்தா.

நான் நுகர்வோர் ஆணையத்தில் வக்கீல் இல்லாமல் நானே வாதாடி ஜெயித்தேன். ஃப்ரிட்ஜ் விஷயம். ஐந்து லட்சம் வரைக்கும் ஃபீஸ் கிடையாது, ஆன்லைனிலேயே மனுப் போட்டேன், மூன்று தடவை போனேன், முடிந்தது. ஆணையத் தலைவர் பொறுமையாகக் கேட்டார். அந்த மாதிரி எல்லாத் தீர்ப்பாயத்தையும் எளிமையாக்கச் சொல்லிக் கேட்பதுதான் சரி. வக்கீலைக் கேட்பது, ரோடு மோசமாக இருக்கிறது என்பதற்காக ஆளுக்கொரு ஜீப் கேட்பது போல.

அம்பர்நாத் ஃபாஸ்ட்

கிங்ஸ் சர்க்கிள் அண்ணா, உங்கள் ஃப்ரிட்ஜ் கேஸில் எதிரே யார் நின்றார்கள்? கடைக்காரர்தானே. நான் போன இடத்தில் பேங்க் நின்றது.

அம்பர்நாத்தில் வாங்கின ஃபிளாட். கொரோனாவில் என் வேலை போய் இஎம்ஐ நின்றது. சர்ஃபேசி சட்டத்தில், அதாவது கடன் நின்றால் அடமானச் சொத்தை பேங்க் எடுத்துக்கொள்ள விடுகிற சட்டத்தில், நோட்டீஸ் வந்தது. கடன் வசூல் தீர்ப்பாயத்துக்கு நாற்பத்தைந்து நாளுக்குள் போக வேண்டும் என்பதே எனக்கு நாற்பதாவது நாளில்தான் தெரியும். கொலாபா டெலிபோன் பவனுக்கு ஓடினேன். கறுப்புக் கோட்டுக்காரர்கள் நடுவில் நான் மட்டும் சட்டைப் பையில் பேனாவோடு நிற்கிறேன். பேங்க் வக்கீல் இங்கிலீஷில் இரண்டு நிமிஷம் பேசினார். என் முறை வந்தபோது எனக்குக் குரலே வரவில்லை. நான் எழுதிக்கொண்டு போயிருந்தது முழுக்க என் கஷ்டம். வேலை போனது, மனைவிக்கு ஆபரேஷன், இப்படி. அங்கே கேட்பது அதை இல்லை. நோட்டீஸ் முறைப்படி வந்ததா, தொகை சரியா, மதிப்பீடு சரியா, இவ்வளவுதான். என் நோட்டீஸில் தொகையே தப்பாக இருந்தது என்று வீடு போன பிறகு ஒரு வக்கீல் நண்பர் காட்டினார்.

மேல்முறையீடு போகலாமே என்பீர்கள். அதற்குப் பாதித் தொகையைக் கட்ட வேண்டும். குறைத்தாலும் கால் பங்குக்குக் கீழே குறைக்க முடியாது. அந்தப் பணம் இருந்தால் நான் ஏன் அங்கே நிற்கிறேன்? முதல் தடவையே சரியாகப் பேச ஒரு ஆள் வேண்டியிருந்தது.

செம்பூர் வகீல்

இருபது வருடமாக விபத்துக் கேஸ்கள் நடத்துகிறேன். சட்ட உதவிப் பட்டியலிலும் ஆறு வருடம் இருந்தேன். அதனால் இரண்டு பக்கமும் பார்த்தவள்.

முதலில் அக்காவின் விஷயம். ரயில்வே சட்டம் 1989-இல் 124ஏ என்று ஒரு பிரிவு உண்டு. ஓடுகிற வண்டியில் இருந்து பயணி தவறி விழுந்தால் ரயில்வே மேல் தப்பு இருக்கிறதோ இல்லையோ, இழப்பீடு கொடுத்தாக வேண்டும். உயிர்ச்சேதத்துக்கு 2017 ஜனவரி 1 முதல் எட்டு லட்சம். தற்கொலை, தானே வேண்டுமென்று செய்துகொண்ட காயம், அவரே செய்த குற்றச்செயல், போதை, மனநிலை பிறழ்வு, நோய் இவை தவிர ரயில்வேக்குத் தப்பிக்க வழி இல்லை. வாசலில் நின்றார் என்பது தப்பிக்கும் காரணம் ஆகாது. ஜமீலா வழக்கில் 2010-இலேயே சுப்ரீம் கோர்ட் சொல்லிவிட்டது, திறந்த வாசலில் நிற்பது அஜாக்கிரதையாக இருக்கலாம், குற்றச்செயல் இல்லை என்று.

கேட்க எவ்வளவு சுலபமாக இருக்கிறது! கிங்ஸ் சர்க்கிள் சொல்வது போல அக்காவே போய் நின்றால் போதும் என்று தோன்றும். ஆனால் உள்ளே நடப்பது வேறு. ரயில்வே தரப்பில் எப்போதும் ஒரு வக்கீல் உண்டு. அவர் கையில் டிஆர்எம் (கோட்ட ரயில்வே மேலாளர்) ரிப்போர்ட் இருக்கும். அதில் பெரும்பாலும் இரண்டே வரி: இறந்தவர் தண்டவாளத்தைக் கடக்கும்போது அடிபட்டார், அவரிடம் டிக்கெட் இல்லை. இந்த இரண்டு வரியை உடைக்கிறவர்தான் கேஸை ஜெயிக்கிறார்.

எப்படி உடைப்பது? போஸ்ட்மார்ட்டம் தாளைத் தான் நான் முதலில் பார்ப்பேன். தண்டவாளத்தைக் கடக்கும்போது வண்டி மோதினால் உடம்பு ஒரு மாதிரி இருக்கும், மேலே ஏறிப்போனால் உறுப்பு துண்டாகும். ஓடுகிற வண்டியில் இருந்து விழுந்தால் தலையிலும் தோளிலும் ஒரு பக்கமாக அடி, சிராய்ப்பு இருக்கும். அதையும் ஸ்டேஷன் மாஸ்டரின் முதல் மெமோவையும் ஜிஆர்பி (ரயில்வே போலீஸ்) சம்பவ இடத்தைப் பார்த்து எழுதின பஞ்சநாமாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். மெமோ விபத்து நடந்த கையோடு எழுதியது, டிஆர்எம் ரிப்போர்ட் மாதக்கணக்கில் கழித்து எழுதியது. இரண்டும் மோதுகிற இடத்தில் கேள்வி கேட்க வேண்டும்.

டிக்கெட் விஷயம் 2018-இல் ரீனா தேவி வழக்கில் தெளிவாகிவிட்டது. உடம்பில் டிக்கெட் கிடைக்கவில்லை என்பதாலேயே பயணி இல்லை என்று ஆகாது. குடும்பத்தார் விவரம் சொல்லி ஒரு அஃபிடவிட் போட்டால், அப்புறம் நிரூபிக்கும் பாரம் ரயில்வே பக்கம் போகும். இந்த ஒரு அஃபிடவிட் இல்லாமல் தள்ளுபடி ஆன மனுவை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். பாட்டியம்மா ஒருத்தர், வக்கீல் இல்லாமல் வந்தவர். மகனுடைய பாஸ் எங்கே என்று கேட்டதற்கு "தெரியாது சாமி" என்றார். அவ்வளவுதான் பதிவானது.

இப்போது சட்ட உதவிப் பட்டியல். நான் ஏன் விலகினேன் என்று சொல்கிறேன். கட்டணம் குறைவு என்பது தெரிந்தே சேர்ந்தேன், அது காரணமில்லை. என்னிடம் வந்ததெல்லாம் ஜாமீன், ஜீவனாம்சம், செக் பவுன்ஸ். ஆறு வருடத்தில் ஒரே ஒரு கிளெய்ம்ஸ் கேஸ்கூட என்னிடம் வரவில்லை, நான் அதில்தான் அனுபவசாலி என்று எழுதிக் கொடுத்தும். அதே சமயம் கிளெய்ம்ஸ் மனுவை வாழ்க்கையில் எழுதியே பார்க்காத ஒரு தம்பியிடம் ஒரு கேஸைக் கொடுத்து, அது தோற்றதையும் பார்த்தேன். தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் 2010 ஒழுங்குமுறையில் வழக்கின் வகைக்கு ஏற்பத் தனித்தனிப் பட்டியல் வைக்கச் சொல்லியிருக்கிறது. அதன்படி ஒவ்வொரு தீர்ப்பாயத்துக்கும் அங்கேயே பழகின நாலு வக்கீல்களைப் பட்டியலிட்டு, வாசலில் ஒரு மேஜை போட வேண்டும். என் கோரிக்கை அவ்வளவுதான். கிரிமினல் கேஸில் கைதாகிறவர்களுக்காக 2022-இல் முழுநேரச் சட்ட உதவி வக்கீல்களைச் சம்பளத்துக்கு வைக்க ஆரம்பித்தார்கள். நல்ல காரியம். அதேபோல இங்கேயும் வரட்டும்.

மேஜை இல்லாததால்தான் மார்ச்சுவரி வாசலில் ஏஜென்ட் நிற்கிறார்.

தொண்ணூறடி ரோடு, தாராவி

வகீல் அக்கா, குமாஸ்தா ஐயா, இரண்டு பேருக்கும் நன்றி. வகீல் அக்கா, எங்கள் சால் அக்கா ஏஜென்ட்டிடம் கையெழுத்துப் போட்டுவிட்டதே, அதை என்ன செய்வது? இனி வேறு வக்கீல் வைக்க முடியுமா?

இன்னொன்று. அவருடைய பாஸ் போனில் யுடிஎஸ் என்கிற ரயில்வே டிக்கெட் ஆப்பில் இருந்தது. போன் நொறுங்கிவிட்டது. ஜிஆர்பி அதை ஒரு கவரில் போட்டுக் கொடுத்தார்கள், ஆன் ஆகவில்லை.

செம்பூர் வகீல்

தாராளமாக மாற்றலாம். வகாலத்நாமா (வக்கீலுக்கு வாதாட அதிகாரம் தரும் தாள்) கொடுத்தவர் எப்போது வேண்டுமானாலும் வக்கீலை மாற்றிக்கொள்ளலாம். முப்பது பர்சென்ட் பேச்சு செல்லவே செல்லாது. ஜெயித்தால் இவ்வளவு பங்கு என்று வக்கீல் ஃபீஸ் பேசக்கூடாது, பார் கவுன்சில் விதியிலேயே தடை இருக்கிறது. அந்த ஆள் வக்கீலே இல்லை என்றால் இன்னும் பலவீனம். பாஸ்புக், ஏடிஎம் கார்டு, கையெழுத்துப் போட்ட வெற்று செக் எதையும் அக்கா யாரிடமும் கொடுக்கக்கூடாது. கொடுத்திருந்தால் பேங்கில் உடனே செக்கை நிறுத்தச் சொல்லுங்கள்.

போனைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். கவரையும் வைத்திருங்கள். அந்த மொபைல் எண்ணில் எடுத்த பாஸின் பதிவைத் தாக்கல் செய்ய ரயில்வேக்கு உத்தரவிடும்படி தீர்ப்பாயத்தில் கேட்கலாம். ஆவணத்தை வரவழைக்க அதற்கு அதிகாரம் உண்டு. பாஸுக்குப் பணம் போன பேங்க் ஸ்டேட்மென்ட் இருந்தால் அதுவும் சாட்சி.

விபத்து நடந்த நாளில் இருந்து ஒரு வருடத்துக்குள் மனுப் போட வேண்டும். நாலு மாதம் போய்விட்டது. தாமதத்தை மன்னிக்கக் கேட்கலாம்தான், ஆனால் அந்த நிலைக்கு விடாதீர்கள்.

கிங்ஸ் சர்க்கிள்

வகீல் அக்கா சொன்னதைப் படித்தேன். என் ஃப்ரிட்ஜும் இதுவும் ஒன்றில்லை என்று ஒப்புக்கொள்கிறேன். டிஆர்எம் ரிப்போர்ட்டைப் பற்றியெல்லாம் எனக்குத் தெரியாது.

ஆனாலும் ஒரு கேள்வி மிச்சம் இருக்கிறது. வக்கீல் வரக்கூடாது என்றே எழுதின சட்டங்களும் இருக்கின்றனவே? தொழிலாளிக்கும் முதியவருக்கும் நல்லது என்று நினைத்துத்தானே அப்படி எழுதினார்கள்?

பழைய குமாஸ்தா, சயான்

நல்ல கேள்வி. நல்லது என்று நினைத்துத்தான் எழுதினார்கள். நடந்தது வேறு.

1947 தொழில் தகராறுச் சட்டத்தில் 36-ஆம் பிரிவு. எதிர்த்தரப்பு சம்மதித்து, லேபர் கோர்ட்டும் அனுமதித்தால்தான் வக்கீல் வரலாம் என்று இருந்தது. தொழிலாளிக்குச் சங்கத் தலைவர் பேசுவார், கம்பெனிக்கு அதிகாரி பேசுவார், சரிக்குச் சரி. கம்பெனிக்காரர்கள் என்ன செய்தார்கள்? வக்கீலையே முதலாளிகள் சங்கத்தில் நிர்வாகி ஆக்கி அனுப்பினார்கள். பாரதீப் துறைமுக வழக்கில் 1976-இல் சுப்ரீம் கோர்ட் அது செல்லும் என்றது. பாந்த்ரா கிழக்கில் லேபர் கோர்ட் வராந்தாவில் நான் எத்தனையோ நாள் உட்கார்ந்திருக்கிறேன். கம்பெனி பக்கம் தேர்ந்த வக்கீல், பெயருக்கு "சங்க நிர்வாகி". இந்தப் பக்கம் மில் மூடி சங்கமும் கலைந்துபோன ஒரு தொழிலாளி, கையில் மஞ்சள் பை. தடை யாரைத் தடுத்தது என்று நீங்களே பாருங்கள்.

ஆன்டாப் ஹில்

முதியவர் சட்டத்தைப் பற்றி நான் சொல்கிறேன், என் அம்மாவுடன் போனேன்.

2007-ஆம் வருட பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டம். பதினேழாம் பிரிவில் வக்கீல் கூடாது. என் அண்ணன் பெரிய கம்பெனியில் ஹெச்ஆர். தாள் தாளாக டைப் அடித்துக்கொண்டு வந்தான். அம்மாவுக்கு எழுபத்தாறு வயது, மராத்தி கொஞ்சம், இந்தி கொஞ்சம். அதிகாரி கேட்ட கேள்விக்கெல்லாம் அம்மா அண்ணன் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொன்னது. "மாசம் எவ்வளவும்மா வேணும்?" என்று கேட்டார். "அவனுக்கு எது முடியுமோ அது" என்றது. அதுவே உத்தரவாக வந்தது.

அதே சட்டத்தின் பதினெட்டாம் பிரிவில், பெற்றோர் விரும்பினால் பராமரிப்பு அலுவலர் அவர் சார்பில் பேசலாம் என்று இருக்கிறதாம். எங்களுக்கு அதை யாருமே சொல்லவில்லை. கேஸ் முடிந்து ஒரு வருடம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது. அம்மா சார்பில் பேச ஒரு ஆள் வேண்டும் என்று சட்டம் எழுதினவர்களுக்கே தோன்றியிருக்கிறது பாருங்கள்.

பழைய குமாஸ்தா, சயான்

அந்தப் பதினேழாம் பிரிவை 2021-இல் கேரள ஹைகோர்ட் செல்லாது என்றது. டெல்லி ஹைகோர்ட்டும் அதே வருடம் வக்கீலுக்கு உரிமை உண்டு என்றது. வக்கீல்கள் சட்டத்தின் 30-ஆம் பிரிவு 2011 ஜூனில் அமலுக்கு வந்துவிட்டது, எல்லாத் தீர்ப்பாயத்திலும் தொழில் செய்யும் உரிமை அதில் இருக்கிறது என்பது அடிப்படை. எனக்கு அதில் ஒரு கவலை உண்டு. கதவைத் திறந்துவிட்டால் காசுள்ள மகன்தான் முதலில் வக்கீலோடு உள்ளே வருவான். அம்மாவுக்கும் இலவசமாக ஒருவர் கிடைத்தால்தான் கதவைத் திறந்ததற்கு அர்த்தம். இரண்டையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

கும்பார்வாடா பக்கம்

நடுவில் வருகிறேன், மன்னிக்கவும். அனெக்ஸர் இரண்டைப் பற்றி, அதாவது குடிசை மறுசீரமைப்பில் வீட்டுக்குத் தகுதியானவர் பட்டியலைப் பற்றி, யாருமே பேசவில்லையே. தாராவிக்காரர்களுக்கு இன்றைக்கு ரயிலை விட அதுதான் பெரிய விஷயம். யாருக்கு வீடு, யாருக்கு இல்லை என்று ஒரு அதிகாரி தாளைப் பார்த்துத் தீர்மானிக்கிறார். 2000 ஜனவரி 1-க்கு முன்னால் இருந்ததற்குச் சான்று கேட்கிறார்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியவரிடம் கரண்ட் பில் அப்பா பெயரில், வாக்காளர் பட்டியல் இவர் பெயரில், இரண்டிலும் வேறு வேறு ஸ்பெல்லிங். அவர் தகுதியில்லாதவர் பட்டியலில். அப்பீல் போக எங்களில் யாருக்கும் எழுதத் தெரியாது. ஜெராக்ஸ் கடைக்காரர் ஆயிரத்து ஐநூறு வாங்கிக்கொண்டு எழுதித் தருகிறார்.

குமாஸ்தா ஐயா, அது கோர்ட்டும் இல்லை தீர்ப்பாயமும் இல்லை. அங்கேயும் சட்ட உதவி உண்டா?

பழைய குமாஸ்தா, சயான்

நான் மேலே சொன்ன விளக்கத்தில் கடைசி வரியைப் பாருங்கள். நீதிமன்றம் போல விசாரித்து முடிவு சொல்கிற "வேறு எந்த அதிகாரி"யும் என்று இருக்கிறது. தாளைப் பார்த்து, ஆட்சேபம் கேட்டு, ஒருவரின் உரிமையைத் தீர்மானிக்கும் அப்பீல் அதிகாரி அதற்குள் வருவார் என்றுதான் வாதாட வேண்டும். அந்த மனுவையும் எழுதிக் கொடுங்கள். 15100-க்கு போன் செய்தும் கேட்கலாம், அது தேசிய சட்டப் பணிகள் ஆணைக்குழுவின் உதவி எண்.

அம்பர்நாத் ஃபாஸ்ட்

பெயர்ப் பிரச்சினை நமக்கென்றே வாய்த்தது. ஊரில் இனிஷியல். இங்கே எல்லா ஃபாரத்திலும் சர்நேம் கேட்பார்கள். ஒரு இடத்தில் அப்பா பெயரை எழுதுவோம், ஒரு இடத்தில் ஊர்ப் பெயரை. ஒரே ஆள் தாளில் மூன்று ஆள். தாராவி தம்பி, அந்த அக்காவின் தாளையெல்லாம் இப்போதே சரிபாருங்கள்.

தொண்ணூறடி ரோடு, தாராவி

மூன்று வாரம் கழித்து வருகிறேன்.

அம்பர்நாத் அண்ணா சொன்னது அப்படியே நடந்தது. ஆதாரில் அக்கா வீட்டுக்காரர் பெயருக்குப் பின்னால் அப்பா பெயர், பட்டறை ஐடி கார்டில் ஊர்ப் பெயர், போஸ்ட்மார்ட்டத்தில் வெறும் பெயர் மட்டும், அதுவும் ஒரு எழுத்து விட்டுப்போய். கல்யாணம் ஊர் அம்மன் கோயிலில் நடந்தது, பதிவு இல்லை. வாரிசுச் சான்றிதழ் ஊரில் தாலுகா ஆபீஸில் வாங்கினோம், மாமனார் அலைந்து வாங்கி அனுப்பினார். அது முழுக்கத் தமிழில்.

சட்ட உதவி அலுவலகத்துக்கு மறுபடி போனோம். இந்த முறை குமாஸ்தா ஐயா சொன்னபடி எழுதி, இரண்டாம் பிரிவையும் பன்னிரண்டாம் பிரிவையும் மேலேயே போட்டுக் கொடுத்தோம். மேஜையில் வேறு ஒரு அம்மா இருந்தார். படித்துவிட்டு உள்ளே கொண்டுபோனார். அரை மணி நேரம் கழித்து, வருமானச் சான்று வேண்டாம் என்று சொல்லி சீல் போட்டுக் கொடுத்தார். எட்டு நாளில் வக்கீல் பெயரோடு கடிதம் வந்தது. அவர் கிளெய்ம்ஸில் இதுவரை இரண்டு கேஸ்தான் நடத்தியிருக்கிறார். வகீல் அக்கா தனிச்செய்தியில் அவரோடு பேசி, மனு நகலைப் பார்த்துத் தந்தார். வகீல் அக்காவுக்கு எப்படி நன்றி சொல்வது என்றே தெரியவில்லை.

போஸ்ட்மார்ட்டத்தில் தலையின் பின்பக்கமும் வலது தோளும்தான் அடி. துண்டான காயம் எதுவும் இல்லை. ஸ்டேஷன் மாஸ்டர் மெமோவில் "வண்டியில் இருந்து விழுந்தவர்" என்றே இருக்கிறது.

ஏஜென்ட் இரண்டு தடவை வீட்டுக்கு வந்தார். இரண்டாவது தடவை சால் முழுக்க வெளியே வந்து நின்றோம். தாளைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனார்.

இப்போது ஒரு சின்ன உதவி. வாரிசுச் சான்றிதழையும் பஞ்சாயத்துக் கடிதத்தையும் இங்கிலீஷில் மாற்ற வேண்டும். மொழிபெயர்ப்பும் சட்ட உதவிக்குள் வருமா?

செம்பூர் வகீல்

வரும். மனு எழுதுவது, நகல் எடுப்பது, ஆவணங்களை மொழிபெயர்ப்பது எல்லாம் அந்த உதவிக்குள் அடக்கம். நீங்கள் செலவு செய்ய வேண்டாம் என்று வக்கீலிடம் சொல்லி விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஆனால் அவர்கள் ஆள் தேடி அனுப்ப நாளாகும், தமிழ் தெரிந்தவர் கிடைப்பது கடினம். தாக்கல் செய்கிற தேதி என்ன?

தொண்ணூறடி ரோடு, தாராவி

அடுத்த செவ்வாய்க்கிழமை. அன்றைக்கு அக்காவும் நேரில் வர வேண்டும். சிஎஸ்எம்டிக்குப் போக லோக்கலில்தான் ஏற வேண்டும். அது நடந்ததில் இருந்து அக்கா வண்டியில் ஏறவே இல்லை. பஸ்ஸில் கூட்டிப்போகலாம் என்றிருக்கிறேன்.

கிங்ஸ் சர்க்கிள்

நான் நாற்பது வருடம் ஒரு கம்பெனியில் கடிதம் டைப் செய்தவன். தமிழில் இருந்து இங்கிலீஷுக்கு மாற்ற எனக்கு ஒரு ராத்திரி போதும். இரண்டு தாளையும் போட்டோ எடுத்து அனுப்புங்கள் தம்பி. சரி என்று சான்றளிக்க நோட்டரி வேண்டுமா என்று வகீல் அக்கா சொல்லட்டும். என் மனைவியின் தம்பியிடம் வண்டி இருக்கிறது, செவ்வாய் காலை எட்டு மணிக்கு உங்கள் சால் முனைக்கு வருகிறோம். அக்கா பஸ்ஸில் நிற்க வேண்டாம்.

செம்பூர் வகீல்

மொழிபெயர்த்தவரின் அஃபிடவிட் ஒன்று நோட்டரியில் போட்டால் போதும். திங்கள் சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் என் ஆபீஸுக்கு வாருங்கள், அங்கேயே செய்துவிடலாம். ஆதாரை மறக்காமல் கொண்டுவாருங்கள். செவ்வாய் பத்து மணிக்கு ஸ்டேஷனில் பெரிய இண்டிகேட்டருக்குக் கீழே நான் நிற்கிறேன். அந்த இளம் வக்கீலையும் அங்கேயே வரச் சொல்லியிருக்கிறேன்.